இழுப்புச் சத்தம்

ஆடிக் காற்று வீரபாண்டிப் பக்கத்துக் கடைகளின் தகரப் பலகைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிங்கசாமி வந்தார். வழக்கமாக அவர் வந்தால் தெருமுனையிலேயே அவருடைய பழைய செவர்லே காரின் சத்தம் கேட்டுவிடும். அன்றைக்கு ஆட்டோவில் வந்திறங்கினார். ஒரு கையால் பறக்கும் வேட்டியை அமுக்கிக்கொண்டு, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய ஒரு பொதியை இன்னொரு கையால் மார்போடு அணைத்தபடி, முனீஸின் மெக்கானிக் கடையில் பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார்.

கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் முனீஸும் ரோஸ்மேரியும் குடியிருக்கும் வீடு. ரோஸ்மேரி சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து அப்போதுதான் இறக்கியிருந்தாள். முனீஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். லிங்கசாமி வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டும் அவன் நிமிரவில்லை. ரோஸ்மேரி அவன் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினாள்.

"வாங்கண்ணே" என்று எழுந்தான். எழுந்த வேகத்திலேயே ஜன்னல் மேல் வைத்திருந்த சின்ன மிஷினை எடுத்து வலது காதில் மாட்டிக்கொண்டான்.

பங்குனியில் வந்த காய்ச்சலின் வேலை அது. நாலைந்து நாள் கொதித்தது. இறங்கிய அன்று காலையில் எழுந்தவன், "ஏன் எல்லாரும் ரகசியம் பேசுறீங்க?" என்று கேட்டான். வீட்டில் அப்போது இருந்தது ரோஸ்மேரி ஒருத்திதான். அவள் வாய்விட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நரம்பு அடிபட்டுவிட்டது என்றார்கள். இடது காது அடியோடு போனது. வலது காதில் மிஷின் வைத்தால், எதிரே நின்று நிதானமாகப் பேசுவது புரியும். எஞ்சின் பக்கத்தில் நின்றால் அந்த மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் குழப்பி மண்டைக்குள் கொட்டும். கார்புரேட்டர் வேலைக்கென்றே பேர் வாங்கிய ஆள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மதுரையில் நர்சிங் படிக்கிற மகள் விஜயராணி வீடியோவில் கூப்பிட்டால், அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு போனை மனைவியிடம் கொடுத்துவிடுவான். ரோஸ்மேரி அருள்புரத்தில் லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது.

லிங்கசாமி பொதியைத் தரையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே நீளமான அலுமினியக் குழாய் ஒன்று. அதன் மேல் வரிசையாக மூன்று சின்ன கார்புரேட்டர்கள்.

முனீஸ் சோற்றுக் கையை மறந்துவிட்டுக் குத்தவைத்தான். பிறகு ஞாபகம் வந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து தொட்டான். ஒரு கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டு, அடியில் இருந்த தகட்டைத் திறந்து மூடிப் பார்த்தான். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"நம்ம வண்டிக்கா?"

"ஆமாங்க. ஆஸ்திரேலியாவுல ஒரு சிநேகிதர் புடிச்சு அனுப்பி வெச்சாருங்க." லிங்கசாமி அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "போன வருசம் வால்பாறை ஏறுறப்ப வண்டி நின்னுபோச்சில்லீங்க? எங்கூட்டுக்காரி தெய்வாத்தா தூறல்ல எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வெச்சா. பஸ்ஸுல போறவிய எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. ஊட்டுக்கு வந்தவ, இனிமே இந்த வண்டில காலு வெக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டா. சொன்னது சொன்னதுதானுங்க, இன்னி வரைக்கும் ஏறுல."

ரோஸ்மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அது ஒரு கார்புரேட்டர் வச்சு ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோல் குடுக்கிற எஞ்சின் அண்ணே" என்றான் முனீஸ். "பந்தியில ஒரே ஆளு நடுவுல நின்னுக்கிட்டு ஆறு எலைக்கும் சோறு போடுற மாதிரி. பக்கத்து எலைக்காரன் வயிறு முட்டத் திம்பான். கடைசி எலைக்காரன் பருக்கையைப் பாத்துக்கிட்டு இருப்பான். மேட்டுல ஏறும்போது அதான் மூச்சு முட்டுது. இது நல்ல சாமான். ரெண்டு சிலிண்டருக்கு ஒண்ணு. மூணு பேரு நின்னு பரிமாறுவாக."

"அப்பறமென்னுங்க, மாட்டிப்போடுங்க."

"மாட்டுறது பெரிசில்லண்ணே. மூணும் ஒரே அளவு காத்தை இழுக்கணும். ஒண்ணு கூடக் கொறைய இழுத்தாலும் பழசைவிட மோசமா ஓடும். அந்த இழுப்பை டியூப் வச்சுக் காதுல கேட்டுத்தான் செட் பண்ணணும்." அவன் வலது காதிலிருந்த மிஷினை விரலால் தட்டினான். "கோயமுத்தூர்ல குடுங்க."

"ரெண்டு எடத்துல கேட்டுப்போட்டேனுங்க. எஞ்சினைக் கழட்டி வீசிட்டு வேற எஞ்சின் வெச்சுக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு அந்த எஞ்சின்தான் வேணும். அதை மொத மொத ஓட வெச்சது நீங்கதானுங்க. எனக்கு வேற ஆளு தெரியாதுங்க."

லிங்கசாமி போன பிறகு முனீஸ் மறுபடி தட்டின் முன்னால் உட்கார்ந்தான். குழம்பு ஆறிப் போயிருந்தது. பிறகு கேட்டான்.

"நீ கம்பெனில போயி அழுதியா?"

"என்னத்த?"

"எம் புருசன் சும்மா கெடக்கான், ஏதாச்சும் வேலை குடுங்கன்னு."

"நான் ஏன் அழுவுதேன்? மொதலாளி செக்கிங் பக்கமே வரமாட்டாவ. அவிய எனக்காவ வரல. உங்களுக்காவயும் வரல. அந்த வண்டிக்காவ வந்தாவ. சோத்தைத் தின்னுங்க."

அவன் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுப் போய் ஷட்டரை முழுதாக மேலே தூக்கினான்.

மாட்டுவது மட்டும்தான் தன் வேலை, சரிபார்க்க வேறு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினான். மறுநாள் கரும்பச்சை நிற செவர்லேயைக் கம்பெனி டிரைவர் கொண்டுவந்து கடைக்குள் நிறுத்திவிட்டுப் போனார்.

கைக்குக் காது தேவையில்லை. பழைய குழாயைக் கழற்ற ஒரு நாள் முழுக்க ஆயிற்று. துருப்பிடித்த நட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்து, திரும்ப மறுத்தவற்றைச் சூடு காட்டி, ஒன்றுகூட உடையாமல் எடுத்தான். புதுக் குழாயின் முகம் எஞ்சினோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு தடிமனான கண்ணாடியின் மேல் எமரித் தாளை ஒட்டி, அதில் குழாயின் முகத்தை எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தான். கேஸ்கட் அட்டையை எஞ்சினின் மேல் பிடித்து, சுத்தியலின் உருண்டை முனையால் ஓரம் ஓரமாகத் தட்டித் துவாரங்களை வெட்டினான். மூன்று கார்புரேட்டரையும் ஒரே நேரத்தில் திறக்கும் கம்பி பொதியில் வரவில்லை. பழைய நிட்டிங் மிஷின்களை உடைத்து விற்கும் கடைக்கு நடந்துபோய், நேரான எஃகுக் கம்பி ஒன்று வாங்கி வந்து, அதில் மூன்று கைகளைப் பற்றவைத்தான். உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகளின் கம்பிகளை அளவுகோல் வைத்துப் பார்த்துப் பார்த்து வளைத்தான்.

மேற்கிலிருந்து வரும் காற்று நிற்கவேயில்லை. தெருவில் போகும் வண்டிகளிலிருந்து பறந்த பஞ்சுத் தூசி கார்புரேட்டருக்குள் போகாமலிருக்க ஒவ்வொரு வாயிலும் துணியை அடைத்து வைத்தான். சாயங்காலம் ரோஸ்மேரி ஷிப்ட் முடிந்து வரும்போது, அவன் கிரீஸ் கையோடு வாசலில் நின்று, "டீ போடு, பசிக்குது" என்பான். பசிக்கிறது என்று அவன் வாயால் கேட்டு மாசக்கணக்காகியிருந்தது. அவள் அவசரமாகப் போய் வெங்காயம் நறுக்கினாள்.

வியாழக்கிழமை அவள் வந்தபோது கடையில் விளக்கு எரியவில்லை. முனீஸ் காரின் முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். மூன்று கார்புரேட்டரும் மாட்டியாகிவிட்டது. எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. நீளமான ஸ்க்ரூட்ரைவர் ஒன்று அவன் மடியில் கிடந்தது.

"ஓடுதா?"

"ஓடுது. குலுங்குது." அவன் ஸ்க்ரூட்ரைவரின் பிடியைத் தாடை எலும்பில் வைத்துக் காட்டினான். "இதை வச்சாவது தெரியுமான்னு பாத்தேன். பல்லு ஆடுது. சத்தம் தெரியல. மொதலாளிக்குப் போன் போடு. வண்டிய எடுத்துக்கிடட்டும்."

அவள் போனை எடுக்கவில்லை. சாப்பாட்டுப் பையை ஸ்டூலில் வைத்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய ரப்பர் டியூபை எடுத்தாள். அவன் அதன் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாது. காது கேக்கும். ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் ஓடியதும் கடையே அதிர்ந்தது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். முன்னால் இருந்ததில் டியூபை வைத்தாள். நடுவில் வைத்தாள். பின்னால் வைத்தாள். மறுபடி முன்னாலிருந்து ஆரம்பித்தாள். அவன் அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லு."

"முன்னாடி இருக்கது புஸ்ஸுன்னு இழுக்கு. எங்க கம்பெனில அயர்ன் மாஸ்டர் பெடலை மிதிச்சா ஆவி வருமே, அப்படி. நடுவுல உள்ளதும் கிட்டத்தட்ட அப்படித்தான். கடைசில உள்ளதுல மூச்சே இல்ல. தூங்குத பிள்ளை மாதிரி."

அவன் எழுந்து நின்றான். கடைசி கார்புரேட்டரின் ஓரத்திலிருந்த சின்னத் திருகைக் கால் சுற்றுத் திருகினான். "இப்பக் கேளு."

இருவருக்கும் நடுவே ஒரு பாஷை வேண்டியிருந்தது. எஞ்சின் ஓடும்போது அவள் என்ன கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. அதனால் கட்டைவிரலை மேலே காட்டினால் இழுப்பு அதிகம், கீழே காட்டினால் குறைவு, உள்ளங்கையை விரித்தால் சரி என்று வைத்துக்கொண்டார்கள். அவன் திருகினான். அவள் கேட்டாள். கட்டைவிரல் மேலே, கீழே, மேலே. அரைமணி நேரத்தில் அவள் கழுத்து வலித்தது. பெட்ரோல் வாடையில் தலை சுற்றியது. அவன் ஒவ்வொரு முறையும் அவள் கையைக் குழந்தைபோல ஆவலாகப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவள் உள்ளங்கையை விரித்தாள். மூன்றுக்கும்.

அன்று அவன் மூன்று தோசை கூடச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில், அவள் வேலைக்குக் கிளம்புமுன், வண்டியைப் பல்லடம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தான். வந்ததும் ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பலகையின் மேல் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்தான். பிறகு சமையலறைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

"பாரு. முன்னாடி ரெண்டும் கரிச்சட்டி மாதிரி இருக்கு. கடைசி ரெண்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. எல்லாம் ஒரே மாதிரி தவிட்டு நிறத்துல இருந்தாத்தான் சரி. மூணும் ஒண்ணா இழுக்குதுன்னு சொன்னியே?"

அவள் வெளுத்த பிளக் ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள்.

"கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"கடைசில உள்ளது கொஞ்சம் கொறையாத்தான் இழுத்துச்சு." அவள் துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள். "நீங்க மொகத்தை அப்படி வச்சுக்கிட்டு நின்னிய. போதும்னு நெனச்சு கையைக் காட்டிட்டேன்."

அவன் காதிலிருந்த மிஷினைக் கழற்றப் போனான். கழற்றிவிட்டால் அவள் என்ன சொன்னாலும் கேட்காது. இத்தனை மாதமாகச் சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஆனால் கை பாதியில் நின்றது.

"வேற என்னெல்லாம் இப்படிச் சொன்ன?"

காற்று ஷட்டரைக் குலுக்கியது. அவள் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்து, அவன் தெளிவாகப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க தூங்கையில காதர்பேட்டைக்காரர் உங்களக் கேட்டு வந்தாவன்னு சொன்னேன்லா? வரல. ஜெனரேட்டர் கடைத் திருமூர்த்தி அண்ணன் தெனமும் விசாரிக்காவன்னு சொன்னேன். சித்திரைக்குப் பொறவு அவிய இந்தப் பக்கமே வரல. வண்டியெல்லாம் வேற கடைக்குப் போயிட்டு. யாரும் வரல. நீங்க படுத்தே கெடந்துருவியளோன்னு பயந்து சொன்னேன்."

முனீஸ் ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஒரு பிளக்கை எடுத்து விரலால் கரியைத் தடவிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "திருமூர்த்தி வந்திருந்தா டீ கேக்காமப் போக மாட்டான். நீ ஒருநாளும் அவனுக்கு டீ போட்ட டம்ளரைக் கழுவல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ரோஸ், உங்க கம்பெனில பீஸு செக் பண்றப்ப, தைச்ச பிள்ளை பாவம்னு ஓட்டையை விட்டுருவியா?"

"அதெப்படி விடுவேன்? ஓட்டை இருந்தா ரிஜெக்ட்தான். அவ அழுதாலும் ரிஜெக்ட்தான். விட்டா மொத்த லாட்டும் திரும்பி வந்துரும்லா."

"அப்ப இதையும் அப்படிக் கேளு. எம் மொகத்தைப் பாக்காத. அதைப் பாத்தா உனக்குக் காது கேக்காது."

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். உடுத்தியிருந்த புடவையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு, தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். காற்றின் சத்தம் குறையட்டும் என்று காற்று வரும் பக்கத்து ஷட்டரை இறக்கி, பின்கதவைத் திறந்து வைத்தார்கள்.

மூன்றையும் இணைக்கும் கம்பியை முனீஸ் முதலில் கழற்றிவிட்டான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்கிவிட்டுப் பிறகு ஒன்றாகக் கட்ட வேண்டும் என்றான். இந்த முறை அவள் அவனை ஒட்டி, அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். ஒரு கையில் டியூப். இன்னொரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் அவன் பார்க்கும்படி நீண்டிருந்தது.

கட்டைவிரல் கீழே. கீழே. கீழே. மேலே. அவன் கைகள் அந்த ஒற்றைக் கையைப் பார்த்தே அசைந்தன. ஒரு தடவை அவன், போதும் சரியாகிவிட்டது என்று நினைத்து ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தான். கட்டைவிரல் இன்னும் கீழேயே இருந்தது. அசையவில்லை. அவன் மறுபடி எடுத்தான். நடுவில் அணைத்து, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, மாட்டினார்கள். மத்தியானத்துக்குக் காலையில் மிஞ்சிய தோசையையும் நேற்றைய குழம்பையும் நின்றுகொண்டே தின்றார்கள்.

"நடுவுல உள்ளது இழுக்கையில இடையில ஒரு விக்கல் வருது" என்றாள் வாயில் தோசையோடு.

"விக்கலா? எப்பப்ப?"

"ஓவர்லாக் மிஷின்ல நூலு சிக்குனா ஒரு தட்டு தட்டுமே, அது மாதிரி. நின்னு நின்னு வருது."

அவன் சாப்பிட்ட கையோடு போய் நடுக் கார்புரேட்டரின் அடியில் விரலால் தடவினான். ஒரு நட்டு முழுதாக இறுகவில்லை. அதன் வழியே காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இறுக்கினான். அவள் டியூபை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். விக்கல் போய்விட்டது.

வெயில் தாழும் நேரத்தில் இணைப்புக் கம்பியை மாட்டி வேகத்தைக் கூட்டினான். அவள் முன்னால் வைத்தாள், நடுவில், பின்னால், திரும்பவும். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த கை மெதுவாக விரிந்தது. அவன் அதை நம்பாமல் இரண்டு உள்ளங்கையையும் எஞ்சினின் தலையில் வைத்தான். காலையில் கையை உதறிய இரும்பு இப்போது ஒரே சீராக, நின்று சுற்றும் பம்பரம்போல நடுங்கிக்கொண்டிருந்தது. ரோஸ்மேரி திரும்பினாள். அவள் காதோரக் கன்னத்தில் டியூபின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. முனீஸ் கிரீஸ் கையோடு அந்த வட்டத்தைத் தொட்டான். "கரி" என்று அவள் திட்டினாள். அவனுக்குக் கேட்கவில்லை, ஆனால் புரிந்தது.

சனிக்கிழமை பல்லடம் போய்வந்து பிளக்குகளைக் கழற்றினார்கள். ஆறும் தவிட்டு நிறம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறைக்குப் போவதென்று லிங்கசாமி முடிவு செய்தார். செட் பண்ணினவர்கள் கூட வந்தால்தான் தெய்வாத்தாள் ஏறுவாளாம். முதல்நாளே ரோஸ்மேரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். "நீ முன்னால ஏறி உக்காந்தீன்னா நான் பின்னால ஏறறேன் அம்மிணி. நின்னுபோச்சுன்னா கல்லு நீதான் வெக்கோணும்."

விடிந்ததும் கிளம்பினார்கள். ஆனால் ஏறும்போது தெய்வாத்தாள் ரோஸ்மேரியைத் தன் பக்கத்திலேயே பின்சீட்டில் இழுத்துக்கொண்டாள். முனீஸ் முன்னால் உட்கார்ந்தான். தெய்வாத்தாள் ஒரு தூக்குப்போசி நிறையக் கம்மஞ்சோறும், ஒரு டப்பாவில் பச்சைப்புளி ரசமும், வறுத்த மோர்மிளகாயும் கொண்டு வந்திருந்தாள். பொள்ளாச்சி வரை, எந்தெந்த இடத்தில் வண்டி எப்படியெல்லாம் நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்தப் பாலத்துல ஒருக்கா நின்னுது கண்ணு. அந்தப் புளியமரத்துக்கிட்ட ரெண்டுதரம். அவரு எறங்கி மூடியத் தொறந்து பாப்பாரு. என்ன பாப்பாரோ தெரியாது. நான் மரத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

"அதெல்லாம் சொல்லாதைங்க" என்றார் லிங்கசாமி.

"சொன்னா என்னுங்க? நின்னது வண்டிதானுங்க?"

ஆழியாறு தாண்டி மலை ஆரம்பித்தது. மேகம் இறங்கித் தூறல் போட்டது. முதல் வளைவில் லிங்கசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி தயங்கவில்லை. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. முனீஸ் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான். ஒரு கையைக் காரின் தரையில் ஊன்றி, மற்றக் கையைச் சீட்டின் பின்புறம் தொங்கவிட்டிருந்தான். ரோஸ்மேரி அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் சீராக இருந்தவரைக்கும் அவள் விரல்கள் அசையவில்லை. ஒரு செங்குத்தான திருப்பத்தில் எஞ்சின் குரல் தாழ்ந்தபோது விரல்கள் லேசாக இறுகின. அடுத்த நொடி குரல் எழும்பியது. விரல்கள் தளர்ந்தன. அவன் திரும்பிப் பார்க்காமலேயே தலையாட்டினான்.

பாதி மலையில் பாறையின் மேல் வரையாடுகள் நின்று மழையில் நனைந்துகொண்டிருந்தன. அட்டகட்டியில் லிங்கசாமி வண்டியை ஓரம் கட்டினார். பின்சீட்டில் தெய்வாத்தாள் ரோஸ்மேரியின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றதும் திடுக்கிட்டு விழித்தாள்.

"நின்னுபோச்சா? கல்லு வெக்கோணுமா?"

"நானேதான் நிறுத்துனேன்."

"வளைவெல்லாம் எப்பங்க ஆரம்பிக்கும்?"

"பாதிக்கு மேல தாண்டியாச்சு."

தெய்வாத்தாள் இறங்கி, கீழே மேகத்துக்குள் மறைந்து மறைந்து தெரிந்த ரோட்டைப் பார்த்தாள். பிறகு ரோஸ்மேரியின் முகத்தைப் பார்த்தாள். போசியைத் திறந்து, முதல் உருண்டையை அவள் கையில் வைத்தாள்.

முனீஸ் மிஷினை மாட்டிக்கொண்டு லிங்கசாமியிடம் வந்தான். "அண்ணே, அன்னிக்கு நீங்க அந்தப் பொதியைத் தூக்கிக்கிட்டு வரலேன்னா..." என்று ஆரம்பித்தான். முடிக்காமல் காரின் மூடியில் கையை வைத்தான்.

"நல்ல கதைங்க" என்றார் லிங்கசாமி. "எங்கூட்டுக்காரி வண்டில தூங்கிப்போட்டா. கலியாணமாகி இத்தன வருசத்துல எனக்கு அவ குடுத்த பெரிய பட்டம் இதுதானுங்க. உங்க ரெண்டு பேரையும் நான் எந்தக் கையெடுத்துக் கும்புடறது, சொல்லுங்க. மொதல்ல சோறு உண்ணுங்க."

நாலு பேரும் குடைக்குள் ஒண்டிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நாள். யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த மாதத்தில் கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்லலாம். ரோஸ்மேரி இதுவரை எழுந்ததில்லை. முனீஸ் இதுவரை உள்ளே வந்ததும் இல்லை. ஊரில் அவன் கும்பிடும் சாமி வேறு. கல்யாணத்தன்று பேசிக்கொண்டபடி அவரவர் சாமி அவரவருக்கு. சர்ச் வாசல்வரை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு டீக்கடையில் காத்திருப்பான். அன்றைக்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் வந்து, ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

போதகர் கேட்டதும் ரோஸ்மேரி எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவியளுக்குக் காது கேக்கணும்னு நீங்கெல்லாம் பங்குனியிலருந்து ஜெபம் பண்ணிய. அவியளுக்கு இன்னும் காது கேக்கல. அதை மொதல்ல சொல்லிருதேன். டாக்டர் கேக்காதுன்னுதான் சொல்லியிருக்காவ. நானும் இத்தன மாசமா, கர்த்தர் ஏன் எங்க பக்கம் திரும்பிப் பாக்கலன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இப்ப ஒரு வேலை வந்துச்சு. அவிய கை செஞ்சுது. என் காது கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே வேலையைச் செஞ்சோம். கல்யாணமாகி இத்தன நாள்ல நாங்க ஒரு வேலைய சேந்து செஞ்சதே இல்ல. எங்களச் சேத்து வேலை வாங்குனதுக்காவ ஸ்தோத்திரம்."

சபை முழுக்க "ஆமென்" என்றது. முனீஸுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எல்லார் உதடும் ஒரே நேரத்தில் அசைவது தெரிந்தது. பக்கத்திலிருந்தவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனும் சிரித்துக் குலுக்கினான்.

வெளியே வந்ததும் கேட்டான். "என்ன சொன்ன? எல்லாரும் என்னையப் பாக்காக?"

"உங்களுக்குக் காது கேக்கலன்னு சொன்னேன்."

"அதுக்கா கை குடுத்தாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். நெருங்கி நின்று, முனீஸின் வலது காதுப் பக்கமாகச் சத்தமாகச் சொன்னாள். "அண்ணாச்சி, எங்க வீட்டுல ஒரு பழைய ஸ்கூட்டர் கெடக்கு. காலையில கெளப்புனா தெருவே முழிச்சிரும், அந்த இருமல் இருமுது. கொண்டாரட்டுமா?"

முனீஸ் ரோஸ்மேரியைப் பார்த்தான்.

"நாளைக்குக் கொண்டாங்க" என்றான். "சாயந்தரமா கொண்டாங்க. இவ ஷிப்ட் முடிஞ்சு வரணும். இவ கேட்டுச் சொன்னாத்தான் நான் கை வைப்பேன்."